கர்ப்பிணி இல்லாத கருக்கலைப்பு விவாதம்: அறவியல் பாடக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பாடக்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

கருத்தரங்கின் நிகழ்ச்சிக் குறிப்பு சென்ற வாரம் என் கைக்கு வந்து சேர்ந்தது. கருக்கலைப்பின் அறம் குறித்து நிறைவு நாளில் நடந்த அமர்வுக்கு அதில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். உரையாற்றிய நால்வரின் வாதங்களும் நேர்த்தியாகச் சுருக்கித் தரப்பட்டுள்ளன. கை உயர்த்தச் சொல்லி எடுத்த கணக்கு, விவாதத்துக்கு முன், விவாதத்துக்குப் பின் என இரண்டு கட்டங்களில் அச்சாகியிருக்கிறது. அதன் அடியில் ஒரே ஒரு வரி: “பார்வையாளர் ஒருவர் தம் சொந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டார், நேரமின்மையால் விவாதம் அத்துடன் நிறைவுற்றது.”

அந்த ஒரு வரிதான் இந்த மடலை எழுத வைத்தது. நடந்தவை அனைத்தும் தாங்கள் நேரில் கண்டவை. அவற்றை மீண்டும் விவரிப்பது தங்கள் நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றலாம். ஆனால் நாளைக்கு இந்தக் குறிப்பை மட்டும் எடுத்துப் படிக்கும் ஒரு மாணவர், அன்று யாரோ ஒருவர் எழுந்து தம் கதையைச் சொன்னார், எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், கூட்டம் முடிந்தது என்றுதான் எண்ணுவார். நடந்தது அதுவன்று.

மூன்றாம் வரிசையில் இருந்த அந்தப் பெண் எழுந்தபோது அவர் கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. அதைப் பிரித்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அதனால் ஒலிவாங்கியை வேறொருவர்தான் அவர் வாயருகே பிடிக்க வேண்டியிருந்தது. விரும்பிச் சுமந்த கர்ப்பம் என்றார். இருபதாவது வார ஸ்கேனில் குழந்தைக்கு இரண்டு சிறுநீரகங்களுமே உருவாகவில்லை என்று தெரிந்தது என்றார். சிறுநீரகம் இல்லாததால் பனிக்குட நீர் இல்லை, பனிக்குட நீர் இல்லாததால் நுரையீரல் வளராது, பிறந்தாலும் மூச்சு விட முடியாது என்று மருத்துவர் விளக்கியதைச் சொன்னார். “நான் கேட்க விரும்புவது” என்று தொடங்கியபோது அவைத்தலைவர் குறுக்கிட்டு, “இது அறவியல் அரங்கம் அம்மா, ஆறுதல் சொல்லும் அரங்கம் இல்லை, அனுபவம் வாதமாகாது” என்றார். ஒலிவாங்கி நகர்ந்துவிட்டது. உடனே கை உயர்த்தச் சொன்னீர்கள். அந்தப் பெண் எந்தப் பக்கத்துக்கும் கை உயர்த்தவில்லை. தாளைப் பழைய மடிப்புகளின் வழியே, ஒவ்வொரு மடிப்பையும் விரலால் நீவி, மீண்டும் நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டு ஆண்டுகளாக அறவியல் கற்பிக்கும் நான் அன்று மேடையில்தான் அமர்ந்திருந்தேன். எனக்கு முன்னாலும் ஓர் ஒலிவாங்கி இருந்தது, நான் அதைத் தொடவில்லை. அந்த வெட்கம் இந்த மடலின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. வாசலில் அவரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டபோது, தாளை என்னிடமே கொடுத்துவிட்டார். அவர் இசைவோடுதான், அவரை அடையாளம் காட்டாத அளவுக்கு, அதில் உள்ளதைக் கீழே எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். திருத்தப்படவிருக்கும் பாடத்திட்டத்தில், கருக்கலைப்பு பற்றிய பகுதியில், கர்ப்பத்தைச் சுமப்பவரின் அறச்சிந்தனைக்கு வாதத்துக்குரிய தகுதியோடு இடம் கொடுங்கள். கருக்கலைப்பை ஆதரிக்கும்படி நான் கேட்கவில்லை, எதிர்க்கும்படியும் கேட்கவில்லை.

அந்தத் தாளில் அழுகையைத் தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். அதில் கேள்விகள் இருக்கின்றன. பிறந்து மூச்சுக்குத் திணறும் அந்தச் சில நிமிடங்களோ மணிகளோ அந்தக் குழந்தைக்கு என்னவாக இருக்கும்? மாதம் நிறையும் வரை சுமக்க வேண்டும் என்று மனம் துடிப்பது குழந்தைக்காகவா, அல்லது கொடுக்க முடிந்ததையெல்லாம் கொடுத்தேன் என்று பின்னால் தம்மைத் தேற்றிக்கொள்வதற்காகவா? வயிற்றின் மீது காது வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நான்கு வயது மூத்த மகளிடம் இன்னும் நான்கரை மாதம் என்ன சொல்வது, பொய் சொல்வதானால் அந்தப் பொய்க்கு யார் பொறுப்பு? இவற்றையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தம் பதிலையும் அந்தப் பதிலில் தமக்குள்ள ஐயத்தையும் எழுதியிருக்கிறார். கருவைக் கலைக்க முடிவெடுத்தார். கடைசியில் இரண்டு வரிகள்: “அவளை நான் கொன்றேன் என்று சொல்பவர்களும், அங்கே இறப்பதற்கு யாருமே இருக்கவில்லை என்று சொல்பவர்களும் எனக்கு ஒரே அளவு அந்நியர்கள். இங்கே பேசப்பட்ட நான்கு வாதங்களில் எதைக்கொண்டு நான் செய்ததை எடைபோடுவது?”

இது வாதமில்லை என்றால், பெரியோர்களே, எதை வாதம் என்று நாம் பதினெட்டு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம்?

அவர் கேள்வியை அன்று எதிர்கொண்டிருந்தால் அந்த அரங்கம் எவ்வளவோ கற்றிருக்கும். முதலாவதாகப் பேசியவர், மெய்யியலாளர் டான் மார்க்விஸ் 1989இல் முன்வைத்த வாதத்தை எடுத்துக்கொண்டார். ஒருவரைக் கொல்வது ஏன் தவறு? அவருக்கு முன்னால் இருக்கும் எதிர்காலம் முழுவதையும் பறித்துவிடுவதால். நம்முடையதைப் போன்ற எதிர்காலம் கருவுக்கும் இருக்கிறது. ஆகவே கருவைக் கொல்வதும் அதே காரணத்தால் தவறு. வலுவான வாதம். மத நம்பிக்கை எதையும் துணைக்கு அழைக்காமலும், கரு ஓர் ஆளா, அதாவது உரிமைகள் உடைய முழு மனிதரா, என்ற சுழலில் மாட்டிக்கொள்ளாமலும் நிற்கும் வாதம் என்பதால் நானும் அதை மிகுந்த மதிப்போடு கற்பித்து வருகிறேன். ஆனால் இந்தக் குழந்தைக்கு அப்படியோர் எதிர்காலம் இல்லை. இங்கே வாதம் பேச்சை நிறுத்திக்கொள்கிறது. கடினமான நிகழ்வுகளுக்குள் தாம் நுழையப்போவதில்லை என்று மார்க்விஸ் தம் கட்டுரையின் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அது அவருடைய நேர்மை. அந்த எல்லைக்கோட்டைச் சொல்லாமல் அவருடைய வாதத்தை மட்டும் மேடையேற்றியது நம் தவறு.

இரண்டாவதாக வந்தது ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971இல் எழுதியது. ஒருநாள் காலையில் விழித்துப் பார்த்தால், சிறுநீரகம் செயலிழந்து, நினைவிழந்து கிடக்கும் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஒருவரின் உடல் உங்கள் சிறுநீரகங்களோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஒன்பது மாதம் அப்படியே இருந்தால்தான் அவர் பிழைப்பார். இணைப்பைத் துண்டிக்க உங்களுக்கு உரிமை உண்டா? கரு ஓர் ஆள்தான் என்று ஒப்புக்கொண்டாலும்கூட, பிறர் உடலைப் பயன்படுத்தும் உரிமை அதனால் மட்டும் வந்துவிடாது என்று காட்டிய சிந்தனை அது. விவாதத்தின் போக்கையே மாற்றியது. ஆயினும் இந்தப் பெண் தம் உடலைத் தர மறுக்கவில்லை. முடியுமானால் ஒன்பது மாதமல்ல, ஒன்பது ஆண்டுகளும் தந்திருப்பார். அவரிடம் போய் “உங்களுக்கு மறுக்கும் உரிமை இருந்தது” என்று சொன்னால், அவர் கேட்காத கேள்விக்கு விடை சொன்னவர்களாகிறோம். அந்தக் கற்பனைக் கலைஞருக்குச் செயலிழந்த அதே உறுப்புதான் இவருடைய குழந்தைக்கு உருவாகவே இல்லை என்பதை அரங்கில் ஒருவராவது கவனித்தோமா? நான் கவனிக்கவில்லை. அன்றிரவு அந்தத் தாளைப் படிக்கும்போதுதான் உறைத்தது.

மூன்றாவது, மேரி ஆன் வாரன் 1973இல் தந்த அளவுகோல்: உணர்வு, பகுத்தறிவு, தானே தூண்டப்பட்டுச் செயல்படுதல், தொடர்புகொள்ளும் திறன், தன்னைப் பற்றிய எண்ணம். இவற்றில் ஒன்றுமே இல்லாத ஒன்றை ஆள் என்று கொள்ள முடியாது என்பது அவர் கருத்து. ஆனால் ஆளல்லாத ஒன்றுக்காக ஒருவர் ஏன் துக்கம் காக்கிறார் என்பதை அந்த அளவுகோல் விளக்குவதில்லை. அதை மேடையில் விளக்கியவர், துக்கம் உளவியலைச் சேர்ந்தது என்று ஒரு சொற்றொடரில் கடந்துபோனார்.

நான்காவதாகப் பேசப்பட்ட இரட்டை விளைவுக் கோட்பாடுதான் என்னை மிகவும் வருத்தியது. தீமையை நோக்கமாகக் கொண்டு செய்வதற்கும், நல்லதொன்றைச் செய்கையில் தீமையும் விளையும் என்று அறிந்தே செய்வதற்கும் அறத்தில் வேறுபாடு உண்டு என்பது அதன் சாரம். கருக்குழாயில் தங்கிவிட்ட கர்ப்பத்தில் குழாயை அகற்றலாம், கருவை நேரடியாக அழிக்கக்கூடாது என்று அந்த மரபில் வந்தவர்கள் பலர் பிரித்துச் சொல்வது இதனால்தான். இந்தக் கோட்பாட்டை ஆராய்வதற்காக ஃபிலிப்பா ஃபுட் 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். கருக்கலைப்புச் சிக்கலைப் பற்றிய கட்டுரை அது. அதில் ஓர் எடுத்துக்காட்டாக, கட்டுப்பாட்டை இழந்து ஓடும் டிராம் வண்டியின் ஓட்டுநர் ஒருவரைக் கொண்டுவந்தார்: ஒரு தடத்தில் ஐந்து பேர், மற்றொரு தடத்தில் ஒருவர், எந்தப் பக்கம் திருப்புவது?

அந்த டிராம் வண்டியை இன்று பள்ளி மாணவர்களுக்கும் தெரியும். நம் பாடத்திட்டத்தில் அதற்கு ஆறு வகுப்புகள் இருக்கின்றன. அது எந்தக் கேள்விக்காகப் புறப்பட்ட வண்டி என்பது அந்த ஆறு வகுப்புகளில் ஒன்றில்கூட வருவதில்லை. பிரசவத்தில் உயிருக்குப் போராடும் ஒரு பெண்ணின் நிலையைப் புரிந்துகொள்ள உருவாக்கிய எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டோம், பெண்ணை விட்டுவிட்டோம். அன்று அரங்கில் நடந்ததும் இதுவேதான். ஆகவே அதை அவைத்தலைவர் ஒருவரின் பொறுமையின்மை என்று நான் கருதவில்லை. பாடமே அப்படி அமைந்திருக்கிறது.

சற்று விலகிச் செல்வதைப் பொறுத்தருள வேண்டும். நம் வினாத்தாளில் ஆண்டுதோறும் வரும் கேள்வி இது: “கரு ஓர் ஆளா? இருதரப்பு வாதங்களையும் எழுதி உம் முடிவை நிறுவுக. 10 மதிப்பெண்.” இந்தக் கேள்வியில் கரு எங்கே இருக்கிறது என்ற குறிப்பே இல்லை. ஏதோ மேசை மீது வைத்திருக்கும் பொருளைச் சுற்றி நின்று பரிசீலிப்பது போலக் கேட்கிறோம். கர்ப்பத்தின் இறுதிக்குள் பெண்ணுடலில் ஓடும் குருதியின் அளவு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. இதயம் அதற்கேற்ப வேகம் கூட்டுகிறது. நச்சுக்கொடி என்னும் உறுப்பு தாயின் திசுவும் கருவின் திசுவும் சேர்ந்து உருவாவது. அது யாருடையது என்று கேட்டால் ஒற்றை விடை கிடையாது. இவை உடற்கூறு வகுப்புக்கு உரியவை, அறவியலுக்குத் தொடர்பற்றவை என்று தள்ளிவிட முடியுமா? ஓர் உயிர் இன்னோர் உயிருக்குள் இருப்பது மனித உறவுகளில் வேறெங்கும் இல்லாத நிலை. அந்த நிலைக்கென்று தனியாக ஓர் அறச்சிந்தனை தேவையா என்பதுதான் முதலில் கேட்கவேண்டியது. நாமோ அதைக் கேட்பதற்கு முன்பே அயலார் இருவரின் உரிமைப் பூசலாக அதை மாற்றிவிடுகிறோம்.

நாம் அன்றாடம் பேசும் மொழி இந்த விஷயத்தில் நம் பாடத்தைவிடக் கவனமாக இருக்கிறது. கரு கலைந்தது என்கிறோம்; கருவைக் கலைத்தாள் என்கிறோம். ஓர் எழுத்து மாறியதும் துயரம் குற்றமாகிவிடுகிறது. தன்வினைக்கும் பிறவினைக்கும் நடுவே நிற்கும் பெண்களுக்கு மொழியில் சொல் இல்லை. கலைய வேண்டாம் என்று வேண்டிக்கொண்டே கலைத்தவரை எந்த வினைச்சொல்லால் குறிப்பது? சிசு என்ற சொல்லை வயிற்றில் இருப்பதற்கும் சொல்கிறோம், பிறந்ததற்கும் சொல்கிறோம். கரு என்று சொன்னவுடன் ஒரு தரப்பும் குழந்தை என்று சொன்னவுடன் மறுதரப்பும் பாதி வழக்கை வென்றுவிடுகின்றன. அந்தப் பெண் தம் தாளில் “அவள்” என்றே எழுதியிருக்கிறார். மேடையில் இருந்த நால்வரும் “அது” என்றே பேசினோம்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். இது அரிதான நிகழ்வு, அரிதானதைக் கொண்டு பொதுநெறியை வகுக்கலாகாது என்பது ஒன்று. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல், இன்னொரு குழந்தையை இப்போது வளர்க்க இயலாது என்று முடிவெடுக்கும் பெண்ணும் சிந்தித்துத்தான் முடிவெடுக்கிறார். பொறுப்பு, கடமை, இரக்கம், தன்னலம் என்ற சொற்களின் எடையை அவரும் உணர்ந்திருக்கிறார். சுற்றியுள்ள எல்லோரும் வேண்டாம் என்று வற்புறுத்தியும் பெற்றுக்கொண்டு வளர்க்கும் பெண் என்னிடம் மாணவியாகவே இருந்திருக்கிறார். தேர்வில் அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றுக்கு விடை எழுதிவிட்டுப் போனார். ஏன் என்று கேட்டபோது, “இதில் எனக்குத் தெரிந்ததை எழுத இடமில்லை, ஐயா” என்றார். கலைத்தவருக்கும் இடமில்லை, கலைக்க மறுத்தவருக்கும் இடமில்லை என்றால் அந்தப் பாடம் யாருக்காக?

அனுபவம் வாதமாகாது என்பது மற்றொரு மறுப்பு. எனக்கு இப்படி நேர்ந்தது, ஆகவே நான் சொல்வதே சரி என்று ஒருவர் வந்தால், அது வாதமாகாதுதான். இந்தப் பெண் அப்படிச் சொல்லவில்லை. தம் காரணங்களைத் தாமே சந்தேகித்து, நம்மிடம் அளவுகோல் கேட்டார். ரோசலிண்ட் ஹர்ஸ்ட்ஹவுஸ் 1991இல் ஏறத்தாழ இதைத்தான் வற்புறுத்தினார்: ஒன்றைச் செய்ய உரிமை இருப்பதாலேயே அதைச் செய்வது நல்லதாகிவிடாது, உரிமையைக் கொடூரமாகவும் பயன்படுத்தலாம், பொறுப்போடும் பயன்படுத்தலாம், ஆகவே இந்தச் சூழலில் இந்த மனிதர் இதைச் செய்கையில் நற்குணத்தோடு செய்கிறாரா என்று கேட்க வேண்டும். உயிர் ஒன்று முறிக்கப்படுவதை அவர் சிறிதாக எண்ணவில்லை. பெண்ணின் வாழ்வையும் சிறிதாக எண்ணவில்லை. அந்தப் பெண்ணின் கேள்வியோடு உரையாடக்கூடிய சிந்தனை நம் துறையிலேயே இருந்தது; நம் பாடத்திட்டத்தில் அதற்கு, பகுதியின் இறுதியில், “நேரம் இருப்பின்” என்ற குறிப்போடு ஒரு வரி தரப்பட்டிருக்கிறது. எந்த ஆண்டும் நேரம் இருந்ததில்லை.

ஆண் கரு நாற்பது நாளில் உருப்பெறுகிறது, பெண் கரு தொண்ணூறு நாளில் உருப்பெறுகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதிய காலம் தொட்டு, இந்த வயிற்றைப் பற்றி வெளியே நின்றவர்களே நாள் குறித்து வந்திருக்கிறார்கள். கருத்தரித்த கணம், இரட்டையாகப் பிரிய வாய்ப்புள்ள முதல் இரண்டு வாரங்களின் முடிவு, அசைவு தெரியும் நாள், வெளியே வந்தாலும் பிழைக்கக்கூடிய வாரம், பிறப்பு என்று கோடுகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மறுப்பும் உண்டு. அவற்றைத் தொடர்ந்து கற்பிப்போம். கோடு தம் உடலுக்குள் இழுக்கப்படுவதை உணர்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்போம் என்பதுதான் என் வேண்டுகோள். மீண்டும் சொல்கிறேன்: கர்ப்பத்தைச் சுமப்பவரின் அறச்சிந்தனைக்குப் பாடத்தில் இடம் கொடுங்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் மன்னிக்க வேண்டும்; தங்கள் மீது மதிப்பு இல்லாவிட்டால் எழுதியிருக்கவே மாட்டேன். பாடத்திட்டத் திருத்தக் கூட்டத்தில் இந்தப் பகுதிக்கு அரைமணி நேரம் ஒதுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்தத் தாளை வாசித்துக் காட்ட அவர் சம்மதித்திருக்கிறார். பதினொரு நிமிடம் ஆகும், நான் வாசித்துப் பார்த்தேன். “நேரம் இருப்பின்” என்ற குறிப்பை நீக்கி, அந்த வரியைப் பகுதியின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வினாத்தாளில் உள்ள கேள்வியை மாற்றி எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். இனி நடக்கும் அமர்வுகளில், தயவுசெய்து, கை உயர்த்தச் சொல்லாதீர்கள்.

இவற்றுக்குக் காலம் எடுக்கும் என்றால் காத்திருக்கிறேன். ஆனால் நிகழ்ச்சிக் குறிப்பின் திருத்திய பதிப்பு இம்மாத இறுதியில் அச்சுக்குப் போவதாக அறிகிறேன். அதற்குள் அந்த ஒரு வரியை மட்டுமாவது இப்படி மாற்றித் தாருங்கள்: “பார்வையாளர் ஒருவர் ஒரு கேள்வி எழுப்பினார், அவர் அதை முடிக்க அரங்கு அனுமதிக்கவில்லை.”

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
அன்று மேடையில் அமர்ந்திருந்த அறவியல் ஆசிரியர்